நூற்றுப் பதினான்காம் எண் வரன்

சங்கராபுரத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து மேசை அக்காவுக்கு ஆகி, இரண்டு பிள்ளைகள்.

ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு நீல ஒயர். வரன்கள் எல்லாம் ஒரே ஃபைலில். அக்கா அதைத் திறந்திருந்தால் எனக்குப் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. நான் திறந்திருந்தால் அவருக்கும் அதே கதி. “மூடுப்பா”, “நீங்க மூடுங்கக்கா” என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தோம். கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்: காலையில் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்வது, சாயங்காலம் அதைப் பழைய ஃபைல் மேல் போட்டுவிடுவது. முதலாளி மகிழ்ந்துபோய் எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை எலவனாசூர்கோட்டைப் பெண் ஒருத்தியைப் பதிந்தேன். எண் 114. அதே நேரத்தில் அக்கா, கல்வராயன் மலையடிவாரத்தில் போர்வெல் லாரி ஓட்டும் ஒருவரைப் பதிந்துகொண்டிருந்தார். அவருடைய நகலிலும் அடுத்த எண் 114. சாயங்காலம் நான் என் நகலைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அதன் மேல் அக்கா தன்னுடையதைப் போட்டார். ஃபைலிலிருந்து பெண் காணாமல் போனாள்.

அன்று மதியமே அந்தப் பெண்ணின் போட்டோவை ஒரு மாப்பிள்ளையின் அப்பாவிடம் காட்டியிருந்தேன். ஊரை உடனே சொல்லமாட்டோம். வீட்டில் பேசிவிட்டு எண்ணைச் சொல்லி விலாசம் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் அவர் போன் செய்தபோது அக்கா எடுத்தார்.

“நூத்திப் பதினாலு வூட்டு விலாசம் வேணும்மா.”

திரையில் லாரி ஓட்டுநர் இருந்ததால், கேட்பவர் பெண்ணைப் பெற்றவர் என்று அக்கா நினைத்துக்கொண்டார். விலாசத்தைக் கொடுத்து, என்றைக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஓட்டுநர் வீட்டுக்கும் சொல்லிவிட்டார்: “வெள்ளிக்கிழமை பாக்க வராங்க.”

வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வேனில் போய் இறங்கினார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. மழையைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் பேசித் தீர்த்தார்கள். பிறகு வந்த மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்: “பொண்ணக் கூப்பிடுங்க.”

ஓட்டுநரின் அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். “நீங்க கூட்டினு வரலீங்களா?”

“உங்க பொண்ண நாங்க எப்படிங்க கூட்டினு வர்றது?”

“எங்க வூட்ல பொண்ணே இல்லீங்க. மூணும் பசங்க.”

இதை எனக்குப் போனில் சொன்னது அந்த ஓட்டுநர்தான். “வந்த மாப்பிள்ளையும் பட்டு வேட்டி, நானும் பட்டு வேட்டி. யாரு யாரைப் பாக்கறதுன்னே தெரியல சார்.” அவர் சிரித்தார்.

முதலாளி நகல்களுக்குத் தடை போட்டார். பிறகு ஷோகேஸில் இருந்த பிளாஸ்டிக் கல்யாண மாலையை எடுத்து மேசையில் வைத்தார். “இது யார் கழுத்துல இருக்கோ அவங்கதான் ஃபைலத் தொடணும்.”

தொட்டோம். அக்கா கழற்றி எனக்குப் போடுவார், நான் கழற்றி அவருக்குப் போடுவேன். மூன்றாம் நாள் அக்காவின் வீட்டுக்காரர் அவரை அழைத்துப் போக வந்தவர், சரியாக நான் மாலை போடும்போது கதவைத் திறந்தார்.

“இன்னா நடக்குது இங்க?”

“ஃபைல் திறக்கறோம்ங்க” என்றார் அக்கா.

வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை தேடலாமா என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.

மறுநாளே கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரர் வரவழைக்கப்பட்டார். நாங்கள் ஃபைல் என்று வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் முறையான டேட்டாபேஸில் ஏற்றினார். இனி பதிவெண்ணை அதுவே கொடுக்கும். ஒரு வரனை ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் அந்த வரனை மட்டும் தொட முடியாது, மற்றதில் வேலை பார்க்கலாம். தினமும் தானாக ஒரு காப்பு நகலும் எடுத்துக்கொள்ளும். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

காணாமல் போன பெண்ணின் காகித விண்ணப்பம் நல்லவேளையாக என் இழுப்பறையில் இருந்தது. மறுபடி பதிந்து, அதே மாப்பிள்ளை வீட்டாருக்கு விலாசத்தை மூன்று முறை படித்துக் காட்டினேன். இந்த முறை சரியான வீட்டுக்குத்தான் போனார்கள். பெண், மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

தயங்கித் தயங்கி முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“இந்தத் தடவ வூட்ல பொண்ணு இருந்துச்சி இல்ல?”

“இருந்துச்சிங்க.”

“அப்புறம் இன்னா?”