கேஸ் காரின் பின்சீட்

இன்ஜினை நிறுத்தியாயிற்று, கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருக்கின்றன, யாருமே இல்லாத பின்சீட்டிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? திரும்பிப் பார்ப்பீர்களா, பார்க்காமலே இறங்கி ஓடுவீர்களா?

நான் போனில் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள் நான். பேயெல்லாம் என் சிலபஸில் கிடையாது.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். அப்பா குவைத்தில். வீட்டில் அம்மாவும் நானும், யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு வெள்ளைக் காரும். தஞ்சாவூரில் ஒரு கடையில் அந்தக் காருக்கு சிஎன்ஜி கிட் மாட்ட வைத்தது நான்தான். அம்மாவுக்கு இஷ்டமே இல்லை.

"அடுப்பு கேஸையே படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ திருகிப் பாக்கறவ நான். நீ அத முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு போகச் சொல்ற."

"அம்மா, இது காத்தவிட லேசு. கசிஞ்சாலும் மேல பறந்து போயிடும். புகையும் கம்மி. நான் படிச்சதே இதுதான், என்னை நம்பு."

படித்தது ஒரு செமஸ்டர். அதிலும் பாதி கிளாஸ் கட். அம்மாவுக்கு அது தெரியாது.

ஊரில் என்னை வேறு மாதிரி ஓட்டினார்கள். டீக்கடையில் பெரியப்பா முறை ஒருவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, வயலுக்கு அடியில கேஸ் எடுக்காதன்னு ஊரே ரோட்டுல உக்காந்துச்சு. உங்கம்மாவுந்தான் உக்காந்தா. நீ என்னடான்னா அதையே ரொப்பிக்கிட்டு சவாரி போற?"

"அது வேற கேஸ், பெரியப்பா."

வேறெல்லாம் இல்லை. அதேதான். எங்கள் ஊர் ரோட்டில் நின்றாலே தெரியும், வயலுக்கு நடுவில் கம்பிவேலி போட்ட ஒரு கிணறு. அதன் பக்கத்தில் உயரமான குழாய், குழாயின் நுனியில் நெருப்பு. பகலில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. மேலே இருக்கிற வானம் மட்டும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

மாசி மாதம் அக்காவுக்கு ஏழாம் மாத வளைகாப்பு, பட்டுக்கோட்டையில் மாமியார் வீட்டில். இங்கிருந்து பெரிய எவர்சில்வர் அண்டாவில் கட்டுசாதம் கட்டிக்கொண்டு போனோம். டிக்கியில் பாதி இடத்தை சிலிண்டர் பிடித்துக்கொண்டதால் அண்டா உள்ளே போகவில்லை. சிலிண்டர் வால்வைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அண்டாவை முழங்காலால் முட்டி ஏற்றினேன். விழா முடிந்து அக்காவைப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

"அண்டாவ இறக்கி வைடி" என்றாள் அம்மா.

"நாளைக்கு இறக்குறேன்."

இரண்டு வாரம் நாளைக்குத்தான்.

தஞ்சாவூருக்கு முதல் செக்கப் போன அன்று, வயிற்றுப்பிள்ளைக்காரி போகிற வண்டி என்று அம்மா பின்சீட்டு முதுகின் மேல் ஒரு கொத்து வேப்பிலை செருகிவிட்டாள். அக்கா பின்னால்தான் உட்காருவாள். முன்னால் பெல்ட் வயிற்றை அழுத்துகிறதாம். கும்பகோணம் தாண்டவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அழுகின முட்ட வாட வருதுடி."

"எனக்கு வரலியே."

"வருதுங்கறேன்ல."

"மசக்கையெல்லாம் மூணு மாசத்தோட முடிஞ்சிரும்னாங்க. உனக்கு மட்டும் எக்ஸ்டென்ஷனா?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவும் என் பக்கம்தான். மாசமாக இருப்பவளுக்கு இல்லாத வாடையெல்லாம் வரும், தான் என்னைச் சுமந்தபோது வீடு முழுக்கக் கருவாடு மணத்தது என்றாள். "அதான் இவ இப்படி இருக்கா" என்றாள் அக்கா. மூவரும் சிரித்தோம்.

சிரித்துவிட்டு நான் தனியாகப் போய் பானெட்டைத் திறந்து, சோப்பு நுரை தடவி, குழாய் இணைப்பு எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. டிக்கியைத் திறக்கவில்லை. திறந்தால் அண்டாவை இறக்க வேண்டும். காரணம் அவ்வளவுதானா என்று இப்போது யோசித்தால், இல்லை. கிட் மாட்டச் சொல்லி அடம்பிடித்தவள் நான். தப்பு அங்கே இருந்துவிடுமோ என்று பயம்.

கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று அந்த நாற்றத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தினமும் அதே காருக்குள் உட்காருகிற மூக்கு பழகிப்போய் ஒன்றையும் சொல்லாது என்பதும் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

அடுத்த செக்கப் ஒரு வியாழக்கிழமை. முடித்துவிட்டு பைபாஸ் பங்கில் கேஸ் பிடிக்க நிறுத்தினேன். கேஸ் பிடிக்கும்போது காரில் ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கக் கூடாது, அது ரூல். அக்காவைக் கைபிடித்து இறக்கி, பத்தடி தள்ளி நிழலில் நிறுத்தினேன். பங்கில் வேலை பார்க்கிறவர் குழாயோடு வந்தார். காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்றார்.

"பின்னாடி உக்காந்திருக்கவங்களையும் இறங்கச் சொல்லுங்க மேடம்."

"யாரும் இல்லண்ணா."

"ஒரு அம்மா இருக்காங்களே."

கதவைத் திறந்து காட்டினேன். காலி சீட்டு, வேப்பிலைக் கொத்து, அக்காவின் தண்ணீர் பாட்டில். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, நெற்றி வியர்வையைத் துடைத்தார். "வெயிலு" என்றார். கேஸைப் பிடித்துவிட்டார். மீதிச் சில்லறையைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கண்ணாடியில உன் உருவம்தான் தெரிஞ்சிருக்கும்" என்றேன் அக்காவிடம்.

"நான் இந்தப் பக்கம் நின்னேன். அவரு அந்தப் பக்கத்துக் கண்ணாடியில பாத்தாரு."

 ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது குமட்டுகிறது என்று நிறுத்தச் சொன்னாள். உச்சி வெயில். அறுவடை முடிந்த நெல் தாளுக்கு நடுவில் உளுந்து முளைவிட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை, மாடு இல்லை, கொக்குகூட இல்லை. அக்கா வாய்க்கால் மதகில் உட்கார்ந்து முகம் கழுவினாள். அவளுக்கு நிழலாக இருக்கட்டும் என்று காரைக் கொஞ்சம் முன்னால் ஏற்றி இன்ஜினை நிறுத்தினேன்.

அப்போதுதான் கேட்டது. முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில். ஸ்ஸ்ஸ்... நின்றது. மறுபடி ஸ்ஸ்ஸ். தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி, அவசரமே இல்லாமல். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. ஏசி ஓடவில்லை. மிர்ரரில் பார்த்தேன். பின்சீட்டு முதுகில் இருந்த வேப்பிலைக் கொத்தில் மூன்று நான்கு இலைகள் மட்டும் ஆடின. மற்ற இலைகள் சும்மா இருந்தன.

பாட்டைச் சத்தமாக வைத்தது அப்போதுதான்.

அக்கா ஏறி உட்கார்ந்து, "உனக்கும் கேட்டுச்சா?" என்றாள். அவளுக்குப் போன செக்கப்பிலிருந்தே கேட்கிறதாம். என்னிடம் சொன்னால் கிண்டல் செய்வேன் என்று சொல்லவில்லையாம்.

"என்ன கேட்டுச்சா?" என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் செம தெளிவாக இருக்கும்.

வீட்டில் அக்கா எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டாள். வாடை, மூச்சு, பங்கில் தெரிந்த பெண். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டாவிட்டால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். மறுநாள் வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. அக்காவை அந்தப் பின்சீட்டிலேயே உட்கார வைத்து, காருக்குள் சாம்பிராணி காட்டி, அவளைச் சுற்றி எடுத்துவிட்டால் வந்தது போய்விடும் என்றாள்.

எனக்கு இது நல்ல கன்டென்ட். முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். காலேஜ் குரூப்பில் போட வேண்டும், கேப்ஷன்கூட ரெடி. முந்தின நாளிலிருந்து கார் ஃபுல் கேஸோடு, கண்ணாடி ஏற்றியபடி, கொட்டகையில் தகரத்துக்கு அடியில் வெந்துகொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்து ஏறினாள். புகை வெளியே போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டாள். உடனே முந்தானையை மூக்கில் வைத்தாள். அம்மா கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். கையில் தூபக்கால், அதில் கொட்டாங்கச்சிக் கங்கு பழுத்துச் சிவந்திருந்தது.

ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை, அதன் பின்னால் ஆடுகிற இலை. அம்மா கதவை நோக்கி நடக்கிறாள். ஆறடி. ஐந்தடி.

காலேஜில் படித்ததெல்லாம் அப்போது ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. மேலே பறந்து போய்விடும் என்று நானே சொன்ன கேஸ், மூடின காருக்குள் எங்கே பறக்கும்?

"அம்மா! நில்லு! கிட்டப் போகாத!"

அம்மா நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. தன் மகளை அடையாளம் தெரியாதவள் பார்க்கிற மாதிரி.

"ஐயோ, இவளுக்கு ஏறிடுச்சே" என்றாள். தூபக்காலை என் பக்கம் நீட்டி, என்மேல் ஏறியதை விரட்டுவதற்கு இன்னும் ஓரடி காரை ஒட்டி நகர்ந்தாள்.

ஓடிப்போய் அதைக் காலால் உதைத்தேன். வெள்ளிக்கிழமை, சாம்பிராணியை, செருப்புக் காலால். கங்கு பறந்து வாசல் வாய்க்காலில் விழுந்து சுருசுருவென்று அணைந்தது. அம்மா கன்னத்தில் ஒன்று விட்டாள். வாங்கிக்கொண்டே கதவைத் திறந்து அக்காவை இழுத்தேன். கதவு திறந்ததும் வாடை அம்மாவின் முகத்தில் அடித்தது. அவள் ஓங்கிய இரண்டாவது கை அப்படியே நின்றுவிட்டது.

"முட்ட..." என்றாள்.

அக்காவைத் தெருக்கோடி வரை நடத்திக்கொண்டு போய் விட்டேன். எல்லாக் கதவையும் திறந்துபோட்டு ரொம்ப நேரம் காத்திருந்து, பிறகு டிக்கியைத் திறந்து அண்டாவை இறக்கினேன். அதன் விளிம்பு, வால்வு பக்கத்துக் குழாய் இணைப்பில் பதிந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடித்து இடித்து இணைப்பை நெம்பியிருக்கிறது. சோப்பு நுரை வைத்தேன். நுரை எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதி, அடங்கி, மறுபடி ஊதியது. பார்த்துக்கொண்டே வால்வை மூடினேன். 

சாயங்காலம் கடையிலிருந்து மெக்கானிக் வந்து குழாயை மாற்றினார். ஒதுக்கிவைத்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதக் கழட்டுனது யாரு? கசிஞ்சா வெளிய போறதுக்குத்தான் இதுவே." நான் என்று சொன்னேன். கங்குக் கதையைக் கேட்டதும் அக்காவின் வயிற்றைப் பார்த்தார். 

பங்குக்காரர் பார்த்த அம்மா யார் என்பதற்கு மட்டும் குழாயில் பதில் இல்லை. வெயில்தான். அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கார் இப்போது சரியாக இருக்கிறது. நானே மூன்று தடவை நுரை வைத்துப் பார்த்துவிட்டேன். இன்று மதியம் அக்காவிடம், "நாளைக்கு செக்கப்புக்கு நம்ம வண்டியிலயே போலாம், என்னை நம்பு" என்றேன்.

"நம்புறேன். கண்ணாடிய ஏத்திக்கிட்டு கால் மணி நேரம் நீ பின்னாடி உக்காரு. அப்புறம் நான் ஏறுறேன்."

உட்கார்ந்தேன். அக்கா வாசல்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாடை இல்லை. சத்தம் இல்லை. வேப்பிலைக் கொத்து காய்ந்து அசையாமல் கிடந்தது. எதுவும் இல்லை என்று என் மூக்கு சொன்னது. இரண்டு வாரமும் இதே மூக்கு இதையேதான் சொன்னது. அக்கா அதே இடத்தில் உட்கார்ந்து வருது வருது என்று சொல்லச் சொல்ல, இது இல்லை இல்லை என்றது. முதுகு சீட்டில் படாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து இறங்கியபோது போனில் ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

அக்கா போனை எடுத்தாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆட்டோ வருகிறது.