என் விரல் விழுந்த வசனம்

எங்கள் வீட்டில் ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால் அம்மா என் விரலைத்தான் கேட்பார். வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு ஜெபம் சொல்லுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து ஒரு விரலை வைக்க வேண்டும். விரல் விழுகிற வசனம்தான் கர்த்தர் எங்களுக்குச் சொல்லும் பதில். பெரியவர்களின் விரலில் அவரவர் ஆசை இருக்குமாம். சின்னப் பிள்ளையின் விரலில் ஒன்றும் இராதாம். அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு ஒன்பது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

ஒருமுறை அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதா இல்லையா என்று அம்மா கேட்டார். என் விரல் வெறும் பெயர்களாக வருகிற ஒரு பக்கத்தில் விழுந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றான், இத்தனை நூறு வருஷம் இருந்தான் என்று போகும். இவர்கள் எல்லாரும் நெடுங்காலம் உயிரோடு இருந்தவர்கள், ஆகையால் பயமில்லை என்று அம்மா சொல்லி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். அப்பாவும் எழும்பி வேலைக்குப் போய்விட்டார். அவர் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் தச்சு வேலை செய்தவர். அவருக்கு எந்த வசனமும் சம்மதம்தான்.

கல்முனையில் எங்கள் மெதடிஸ்த கோயிலுக்கு அந்த வருடம் புதிதாக ஒரு போதகர் வந்திருந்தார். படித்தவர், கணீரென்று பேசுவார். வசனம் எடுக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டார். வேதம் குறி கேட்கிற புத்தகம் இல்லை, விளங்காவிட்டால் போதகரிடம் வந்து கேளுங்கள், ஆளாளுக்குப் பொருள் சொல்லத் தொடங்கினால் வீட்டுக்கு ஒரு சபை உண்டாகும் என்றார். அம்மா மூன்றாவது வாங்கில் உட்கார்ந்தபடி ஆமென் சொன்னார். வீட்டுக்கு வந்து, கோழியை அடைக்கு வைக்கலாமா என்று என் விரலைக் கேட்டார்.

அந்தப் போதகர்தான் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பதுளையில் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற உத்தியோகம். கோயிலுக்கு ஒருநாள் வந்து போனார். மெலிந்த, மரியாதையான ஆள். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றுதான் இடித்தது. அவருடைய தாய் பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். அவரை விட்டு வர முடியாது, பெண்தான் பதுளைக்கு வர வேண்டும் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு வந்து சேருவார். தமிழருக்கும் அதுதான், எங்களைச் சுற்றியிருந்த முஸ்லிம்களுக்கும் அதுதான். மகளைக் கட்டிக்கொடுத்து மலைநாட்டுக்கு அனுப்புவது என்றால் அம்மாவுக்கு அது கல்யாணமாகவே தெரியவில்லை. ஆனாலும் போதகர் கொண்டுவந்த காரியம். சனிக்கிழமை மாலை வசனம் எடுத்துப் பார்ப்போம் என்று சொன்னார். அக்காவிடம் யாரும் ஒன்றும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு அக்கா போகக் கூடாது. அவ்வளவுதான். நான் ஆட்களைக் கண்டால் கதவுச் சீலைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. எனக்குப் பதிலாக உலகத்தோடு கதைத்தது அக்காதான். பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொன்னதுகூட அவள்தான்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் படம் போட்ட அட்டைகள் தருவார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. தெருவில் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒருத்தி வயதானவள். கீழே, உம்மை விட்டுப் போகச் சொல்லி என்னோடு பேச வேண்டாம் என்கிற கருத்தில் ரூத்தின் புத்தகத்து வசனம். மனப்பாடம் பண்ணி ஒப்புவித்திருந்தேன். அது தாயும் மகளும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் ஊரில் வேறு யார் அப்படிக் கட்டிப்பிடித்து நிற்பார்கள்?

சனிக்கிழமை அம்மா கிணற்றடியில் இருந்தபோது நான் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்கு அது லேசான வேலை இல்லை. அட்டையைப் பக்கத்துக்குள் வைத்து, ஒரு நகத்தளவு வெளியே தெரிய விட்டேன். மாலையில் ஜெபம் முடிந்து கண்ணை மூடியபோது விரலுக்கு அந்த நகத்தளவு போதுமாயிருந்தது.

பக்கம் திறந்ததும் அம்மா அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். வசனத்தை வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். அப்ப சரி என்று அப்பா எழும்பிப் போனார். கர்த்தருக்குச் சம்மதமில்லை என்று மறுநாள் கோயிலில் போதகருக்குச் சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை போதகர் சைக்கிளில் வந்தார். நான் சீலைக்குப் பின்னால் போய்விட்டேன். எந்த வசனம் என்று கேட்டார். அம்மா காட்டினார். அவர் வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இது மகள் தாய்க்குச் சொன்னதில்ல, அம்மா. மருமகள் மாமியாருக்குச் சொன்னது. மாமியாரோட அவளுடைய ஊருக்குப் போறதுக்காகச் சொன்னது. நீங்கள் எடுத்த வசனமே போகச் சொல்லுது."

வேலிப்பக்கம் அடுத்த வளவு முஸ்லிம் ராத்தா தட்டுத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றிருந்தா.

"தாய உட்டுப்போட்டு மாமியோட போறதா? எந்தக் கிதாபுலகா அப்பிடி இரிக்கி?" என்று கேட்டா.

சபை இதற்குத்தான் இருக்கிறது, ஒரு வசனத்தைத் தனியே பிடுங்கினால் அது பிடுங்கினவருடைய ஆசையைத்தான் சொல்லும் என்று போதகர் விளக்கினார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஐயாட கையில இரிக்கிறதும் இந்தப் புத்தகம்தானே. ஐயா கொண்டுவந்த சம்பந்தத்துக்கு ஐயாட விளக்கம் நல்லாத்தான் பொருந்துது."

போதகரின் காது சிவந்தது. அப்பா கூரையில் பழுது பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். போதகரின் பக்கத்தில் வைத்தாள். கையைத் துடைத்துவிட்டு, அவர் கையிலிருந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தரையில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். உதடு மட்டும் அசைந்தது. அவசரப்படவில்லை. பெரியவர்கள் எல்லாரும் ஒரு பெண்பிள்ளை வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மாமியே அவளத் திரும்பிப் போ எண்டுதான் சொல்லியிருக்கா," என்றாள். "வாவெண்டு ஒருத்தரும் கூப்பிடல்ல. அவளும் ஒருத்தரையும் கேக்கல்ல, வசனமும் எடுக்கல்ல. தானாத்தான் முடிவெடுத்திருக்கா." புத்தகத்தை மூடினாள். "நான் பதுளைக்குப் போறன்."

போதகர் வாயைத் திறந்தார். தான் சொன்னதும் அதுதான் என்று சொல்ல வந்திருப்பார். ஆனால் அக்கா சொன்னது அதுவல்ல என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு அம்மா சீலையை விலக்கி என்னை வெளியே கூப்பிட்டு, என் தலையில் கையை வைத்தார்.

"உன்ட விரல் நல்ல இடத்திலதான் மகள் விழுந்திரிக்கி," என்றார்.

அதைப் பாராட்டு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அக்கா கல்யாணம் முடித்துப் போனாள். அந்த மாமியாரை ஏழு வருடம் பார்த்தாள், சந்தோசமாகத்தான் இருந்தாள். அம்மாவும் ஒருநாளும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிக் கதைக்கவில்லை. அட்டையைத் தன் கையால் எடுத்து வைத்தவருக்கு அதை வைத்தது யார் என்று தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்துகொண்டேதான் கர்த்தரின் பதில் என்று வாசித்தார், தெரிந்துகொண்டேதான் போதகரோடு வாதாடினார். அவருக்கும் அக்கா போகக் கூடாது. இது எனக்கு விளங்கியது அம்மா கண் மூடிய பிறகு. அந்த ஒன்பது வயதிலோ, நான் அவரை ஏமாற்றிவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து, பல மாதம் கோயிலில் அவருக்குப் பக்கத்தில் இருக்காமல் அப்பாவின் பக்கம் போய் இருந்தேன்.