வலது ஓரத்துக்கு ஒரு விரற்கடை

ஊரார் சட்டையிலெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற தையற்காரிக்குத் தன் முதுகில் இருந்த கோணல் ஐம்பத்திரண்டு வயதுவரை தெரியவில்லை. சலவைக்கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு மெஷின், எதிரே இஸ்திரிக்காரர். ஒருநாள் அவளுடைய சட்டையையே தேய்த்துக்கொண்டிருந்தவர் கடுப்பானார்.

"என்னம்மா இது, மேசையில நேராவே படுக்க மாட்டேங்குது? இடது தோள்ல ரெட்டைப் பஞ்சு வச்சுத் தூக்கியிருக்க. வலது ஓரம் ஒரு விரற்கடை நீளம். ஊருக்கெல்லாம் ஒழுங்கா தச்சுட்டு உனக்கு மட்டும் கோணலாவா?"

"போட்டா நேராத்தான் இருக்கும்ணே."

"அப்போ கோணல் சட்டையில இல்லம்மா."

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் சட்டையை வாங்கி முதுகுப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஓரம் ஒரு பக்கம் இறங்கினால் துணியைத்தானே திருத்துவோம்? வருடக்கணக்காக அதைத்தான் செய்திருந்தாள். தனியாக இருப்பவளுக்கு முதுகைப் பார்த்துச் சொல்ல ஆள் ஏது? வீட்டுக் கண்ணாடியும் அவள் தையலில் ஏமாந்துபோயிருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். எக்ஸ்ரே அறையில் முதுகுப்பக்கம் கட்டுகிற அங்கி கொடுத்தார்கள். முடிச்சு கைக்கு எட்டவில்லை. படம் எடுக்கிற பெண்தான் கட்டிவிட்டாள்.

"நேரா நில்லுங்க ஆன்ட்டி."

"நேராத்தான் நிக்கிறேன்."

அந்தப் பெண் அவள் தோளை நிமிர்த்தப் போய், கையை எடுத்துக்கொண்டாள். "சரி, எப்பவும் நிக்கிற மாதிரியே நில்லுங்க. மூச்சை அடக்குங்க."

டாக்டரம்மா படத்தின் மேல் இரண்டு கோடு கிழித்தார். "முப்பத்தெட்டு டிகிரி. பழைய படம் ஏதாவது இருக்கா? இந்த வளைவு ஏறிட்டே வருதா, அப்படியே நிக்குதான்னு தெரியணும். ஏறுதுன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கூடவே ஒரு ஆள் வேணும். வீட்ல யாரு இருக்கா?"

தையற்காரி மனதுக்குள் ஆள் தேடினாள். அக்கா கடல் தாண்டி இருக்கிறாள். அவளுக்கே முழங்கால் வலி. இஸ்திரிக்காரரையா வந்து தூக்கி உட்காரவைக்கச் சொல்ல முடியும்?

"பழைய படம் இல்லீங்க" என்று முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். படம் இல்லாவிட்டால் என்ன? தனக்குத் தைத்ததில் ஒன்றையும் அவள் தூக்கிப் போட்டதில்லையே. எல்லாவற்றையும் தைத்த வருட வரிசையில் கட்டிலில் பரப்பி, டேப்போடு குனிந்தாள். கணவர் இருந்த காலத்துச் சட்டையிலேயே இரண்டு ஓரத்துக்கும் அரை விரற்கடை வித்தியாசம். பக்கத்திலேயே படுத்திருந்த மனுஷனும் கவனிக்கவில்லை. அப்புறம் முக்கால். அப்புறம் ஒன்று. அங்கேயே நின்றுவிட்டது: கடைசி ஏழு வருடம், பதினொரு சட்டை, நூலளவும் ஏறவில்லை. மறுபடியும் அளந்தாள். ஏறவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஆள் எடுக்கவில்லை, பேசிப் பதிவுசெய்யச் சொன்னது ஒரு இயந்திரக் குரல்.

"டாக்டரம்மா, காலையில முதுகுக்கு வந்தேனே, நான்தான். ஏழு வருஷமா ஏறலைங்க. சட்டையெல்லாம் இருக்கு, அளந்து பாத்துட்டேன். நாளைக்கு எடுத்துட்டு வரவா?"

"உங்கள் தகவல் பதிவாகிவிட்டது" என்றது குரல்.

"சரிங்க, ரொம்ப சந்தோஷம்" என்றாள் அவள். அந்தக் குரல் இன்னும் ஏதாவது கேட்குமோ என்று உடனே போனை வைக்கவில்லை.