ஆறு அட்டை ஆழம்

மரத்தூள் பசையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒரு மலைச்சரிவை இறக்கிக்கொண்டு வந்த கைகள் அடிவாரத்தில் சட்டென்று நின்றன. வலக்கை கத்தியை எடுத்தது. பள்ளத்தின் தரையில் ஒட்டியிருந்த அட்டையைக் கீறிப் பெயர்த்தது.

"என்னக்கா, கட்டுனத நீயே இடிக்கிற?" பட்டறை வாசலில் நின்று கேட்டவன் அவள் தம்பி. பூங்காவில் பார்வையாளர் வேன் ஓட்டுகிறான்.

"பள்ளம் போதல."

"நாலு அட்டை ஆழம் இருக்கே. கண்ணுக்கு அழகாத்தான் இருக்கு."

"வரைபடத்துல ஆறு உயரக்கோடு. கோட்டுக்கு ஒரு அட்டை. என் கைக்கு மேடு பள்ளத்தை நிரவியே பழக்கமாப் போச்சு. நீ போய் வேனைக் கழுவு, போ."

தேசியப் பூங்காவில் எல்லோருக்கும் அவள் 'மலைக்காரி'. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நுழைவுச்சீட்டு கிழிக்கத்தான் வந்தாள். பார்வையாளர் கூடத்தில் வைத்திருந்த காட்டின் சிறு மாதிரியில், கரையான் அரித்த ஒரு குன்றை அட்டையும் பசையும் வைத்து ஒட்டிப் பார்த்தாள்; அதோடு முழுக்காடும் அவள் தலையில் விழுந்தது. வடக்கே மான் மேயும் புல்வெளி, நடுவே ஏரி, தெற்கே கரடிகள் திரியும் அடர்ந்த சரிவு, விடுதி, கேன்டீன், காவல் கோபுரம் எல்லாம் கட்டில் அகலப் பலகைக்குள். ஒவ்வொரு பாதையையும் அளவுக்கயிற்றோடு நடந்து பார்த்தவள். எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

அப்பேர்ப்பட்டவள்தான் பழைய மாதிரியில் ஒரு தப்புச் செய்திருந்தாள். விடுதிக்கும், காட்டெருமைகள் உப்புமண் நக்க வரும் மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. குறுகலான பள்ளம். தூசி துடைக்கத் துணி நுழையவில்லை என்று அதைப் பசையால் நிரவிவிட்டாள். மாதிரியில் பார்த்தால் நாலு விரற்கடைத் தூரம்.

போன பருவத்தில் விடுதியில் தங்கிய ஒருவர் மாதிரியைப் பார்த்துவிட்டு, "பக்கத்துலதானே" என்று மகளைக் கூட்டிக்கொண்டு காட்டெருமை பார்க்கக் கிளம்பினார். பள்ளத்தில் சறுக்கி அவருக்குக் கணுக்கால் முறிந்தது. சாயங்காலம்தான் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். சொல்லாமல் போனது அவர் பிழை என்று அலுவலகம் எழுதிக்கொண்டது. மலைக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே வனச்சரகரிடம் போய், "தப்பு என்னுது சார். புதுசா செஞ்சு தரேன்" என்றாள். பருவம் திறக்கும் நாள்வரை அவர் கெடு கொடுத்தார். தவறினால் மாதிரிக்குப் பதிலாக அச்சடித்த வரைபடத் தாள் மாட்டப்படும். தட்டையான தாளில் பள்ளமே தெரியாது.

நாளைக் காலை திறப்பு.

மதியம் வனச்சரகர் வந்து குனிந்து பார்த்தார். "இவ்வளவு ஆழமா வெட்டுனா வர்றவங்க பயந்துக்க மாட்டாங்களாம்மா? கேன்டீன் பேர்ப்பலகை வைக்க அங்கதான் எடம் பாத்து வச்சிருந்தேன்."

"பயப்படட்டும் சார். பலகைய ஏரிக்கரையில வைங்க. அங்க தடுக்கி விழுந்தா துணிதான் நனையும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். அவள் ஆறாவது அட்டையையும் பெயர்த்தாள். சுவர்களை உப்புத்தாளால் தேய்த்து, நிஜப் பள்ளத்தில் இருப்பதுபோலவே ஒரு பக்கத்தை மட்டும் செங்குத்தாக விட்டு, வண்ணம் பூசிவிட்டுத்தான் எழுந்தாள்.

காலையில் தம்பி மூன்று பேரோடு வந்தான். பின்னாலேயே வனச்சரகரும் வந்தார்.

"விடுதியில விரல வச்சு, கண்ண மூடிக்கிட்டு உப்புமேட்டுக்குப் போங்க சார்," என்றாள்.

விரல் நகர்ந்தது. நகம் மறைய உள்ளே இறங்கியது. எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் எப்படித்தாம்மா போறது?"

"இவன் வேன்லதான். சுத்தி ஏழு கிலோமீட்டர்."

"பாத்தீங்களா சார், என் அருமை இப்பத்தான் தெரியுது," என்றான் தம்பி.

வனச்சரகர் மறுபடியும் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தார். "தூக்குங்கப்பா."

மூன்று மூலைகளை மூவர் பிடித்தார்கள். நாலாவது மூலையைத் தானே தூக்கிக்கொண்டு பார்வையாளர் கூடத்து வாசல்வரை வந்தவள், "சாய்க்காம பிடிங்க சார், வண்ணம் இன்னும் ஈரம்" என்று சொல்லி, அந்த மூலையை வனச்சரகர் கையில் கொடுத்தாள்.