தலைப்பிரசவத்துக்கு அழைக்கப் போன வழி

காலை ஆறே முக்காலுக்கு ஆவடியில் ரயிலேறினேன். உட்கார இடமில்லை. கூடையில் கண்ணாடி வளையல், எலுமிச்சை சாதம், அதிரசம். முழங்கால் வலியோடு இந்த அலைச்சல் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குக் கூப்பிடாவிட்டால் நான் என்ன தாய்?

எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் குளியலறையில் நல்லபாம்பு புகுந்தபோது பிடிக்க வந்த இருளர் பையன்தான் மருமகன் முருகன். கட்டினால் அவனைத்தான் என்று ஸ்டெல்லா அவனோடு போய்விட்டாள். "பாம்பைப் புடிக்க வந்தவன் பொண்ணைப் புடிச்சிகினு போயிட்டான்" என்று ஃபாக்டரியே சிரித்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் அவள் பெயரைச் சொல்வதில்லை. நான் கிளம்பும்போதும் பேப்பரைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

சென்ட்ரலில் இறங்கி பாரிமுனைக்கு நடந்து, கோவளம் வழியாக மகாபலிபுரம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். பாதிப் பேர் கடல் பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் பாட்டும் கூச்சலும் மண்டையைப் பிளந்தன. இறங்குமிடம் சொன்னதும் கண்டக்டர், "இன்னாம்மா, பீச்சு இன்னும் தள்ளி கீது. அங்க எறங்கி இன்னா பண்ணப் போற?" என்றார்.

"பொண்ணைப் பார்க்க."

"அப்போ முன்னாடி வந்து குந்து. நானே சொல்றேன்."

எல்லோரும் இடப்பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் இறங்கி வலப்பக்கம் நடந்தேன். சவுக்குத் தோப்பு தாண்டி மூன்று கிலோமீட்டர் மணலும் முள்காடும். பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. சீ, என்ன பிழைப்பு என்று அழுகையே வந்தது. ஊர் என்பது பத்துப் பதினைந்து குடிசைகள். ஒரு சத்தமில்லை. ரயிலும் ஃபாக்டரி சங்கும் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது.

ஸ்டெல்லாவுக்குக் கை வீங்கியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின அளவில் வளையல் வாங்கிவந்த என் புத்தியை என்ன சொல்ல! முருகனின் அம்மா கன்னியம்மா சோப்பு நுரையைத் தடவி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். இரண்டு உடைந்தன.

"வீட்டுக்கு வாடி" என்றேன்.

"வரேம்மா. அப்பா வந்து கூப்பிடட்டும். அவருக்குத் தெரியாம நான் திருடி மாதிரி உள்ள வரமாட்டேன்."

"உங்கப்பன் புடிவாதம் அப்படியே கீது உனக்கு!" என்று கத்திவிட்டேன்.

கன்னியம்மாதான் என் கையைப் பிடித்தாள். "இங்கியே பெத்துக்கினா நான் பார்த்துக்குவேன், சம்பந்தி. ஆனா அது அப்பனைத்தான் தேடுது."

மத்தியானம் முருகன் செருப்பு வாரைக் கம்பியால் முடிந்து கொடுத்து, வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தான். திரும்பும் பஸ்ஸில் ஈரத் துணியும் மணலுமாக ஒரே நெரிசல். நின்றுகொண்டே வந்தேன். வெறுங்கையோடு போகிறோமே என்பதுதான் கால் வலியைவிட வலித்தது.

வீட்டுக்கு வந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்து டி.வி. சத்தம் அத்தனையும் எங்கள் வீட்டுக்குள்தான். அவர் அதே நாற்காலியில் இருந்தார்.

பேப்பரைப் பார்த்தபடியே, "வளையல் கைக்குப் பத்துச்சா?" என்றார்.

"பத்தல. சோப்புப் போட்டுத்தான் ஏத்தினோம். நீங்க வந்து கூப்பிட்டாத்தான் வருவாளாம்."

பேப்பரை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல பூசை முடிஞ்சு கிளம்பினா, எந்த பஸ்ல ஏறணும்?"

அவர் காலைப் பார்த்தேன். "நடக்க நிறைய இருக்குங்க. உங்க காலுக்கு..."

"பஸ்ஸைக் கேட்டா பஸ்ஸைச் சொல்லு" என்றார்.