வெள்ளிக்கிழமை எஞ்சிலாடா

சமைத்து விற்கிறவனுக்கு அடுப்புச் சூடு ஒரு வாரத்தில் பழகிவிடும், "இது என்னது?" என்ற கேள்விதான் கடைசிவரை பழகாது. இட்லி விற்கிறவர்களுக்கு இந்தத் துன்பம் தெரியாது. ஊர் இதுவரை கண்டிராத ஒன்றை வீட்டு அடுப்பில் செய்து கொடுத்துவிட்டு, வாங்கினவர் முதல் வாய் வைக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற என் இனத்தாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கேக் செய்கிறவராக இருக்கலாம், மோமோ அவிக்கிறவராக இருக்கலாம். நமக்கெல்லாம் அந்த முதல் வாய் ஒன்றுதான்.

நான் விற்பது எஞ்சிலாடா. மெக்சிகோக்காரர்களின் சாப்பாடு. மக்காச்சோள மாவில் மெல்லிய ரொட்டி தட்டி, உள்ளே எதையாவது வைத்துச் சுருட்டி, பாய் சுருட்டி வைத்ததுபோல வரிசையாக அடுக்கி, மேலே மிளகாய்க் குழம்பு ஊற்றி, சீஸ் தூவிச் சுடுவார்கள். தோஹாவில் ஓர் ஓட்டலில் பத்தொன்பது வருடம் மாட்டிறைச்சியும் கோழியும் வைத்துச் சுருட்டினேன். நாற்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பி, இராஜாக்கமங்கலம் போகிற வழியில் வயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் வீட்டில், இறைச்சி இல்லாமல், கையைக் கடிக்காத செலவில் சுருட்டிக்கொண்டிருக்கிறேன்.

அலமாரி மேலே ஒரு பெட்டி

வந்த பத்தாம் நாளே தோஹாவிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். ஈஸ்டர் வரைக்கும் என் இடத்தில் வேறு ஆள் போட மாட்டாராம். அதற்குள் சொன்னால் டிக்கெட் அனுப்புவார். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு மாதம் கூட இல்லை. நான் வீட்டிலேயே எஞ்சிலாடா செய்து விற்கப்போகிறேன் என்று என் மனைவி கமலாவிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கடைசிக் காம்பு வரை உருவி முடித்தாள்.

பத்தொன்பது வருடத்தில் அவள் தனியாகவே இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்து, மோட்டார் ரிப்பேர் பார்க்கப் படித்து, தென்னைக்கு உரம் வைத்து, ஆதார் கார்டில் என் பேரில் இருந்த பிழையையும் திருத்தி வைத்திருந்தாள். நான் இருந்தாலும் போனாலும் அவளுக்கு வித்தியாசம் தெரியுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கேட்கப் பயம். வந்த அன்று நான் அலமாரி மேல் தூக்கி வைத்த பெட்டியில் பாதிச் சாமான் இன்னும் உள்ளேதான் இருந்தது. அவள் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத எறக்கவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் அங்கயே கெடக்கட்டு."

எத்தனை கோழி?

எஞ்சிலாடா ரொட்டிக்கென்று தனி மாவு இருக்கிறது. பாக்கெட்டில் வெளிநாட்டிலிருந்து வரும். அந்த விலைக்கு நம் ஊரில் ஒரு நல்ல சாப்பாடே சாப்பிட்டுவிடலாம். அதனால் சோளத்தையே வாங்கி நானே மாவாக்குவது என்று முடிவு செய்தேன். நாகர்கோவிலில் முழு மக்காச்சோளம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால் எல்லாரும் ஒரே திசையில் கை காட்டினார்கள். தானியக் கடை. மனிதர்களுக்கு முன்பக்கம், மாட்டுக்கும் கோழிக்கும் பின்பக்கம். சோளம் பின்பக்கத்தில் இருந்தது.

சுத்தமான மூட்டையாகப் பிரிக்கச் சொல்லி, கையில் அள்ளி, ஊதி, ஒன்றைக் கடித்தும் பார்த்தேன். கடைக்காரர் கவனித்துக்கொண்டே இருந்தார். எத்தனை கோழி நிற்கிறது என்று கேட்டார். கோழி இல்லை என்றேன். அப்போ மாடா என்றார். எங்களுக்குத்தான், வீட்டில் சாப்பிட என்றேன். அவர் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் சட்டை, வாட்ச், செருப்பு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணாச்சி, கல்ஃப்ல அவ்வளவு கஷ்டமாயிட்டா?"

சுண்ணாம்பு

சோளத்தை அப்படியே அரைத்தால் ரொட்டி வராது, புட்டுதான் வரும். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஒரு ராத்திரி ஊறப் போட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, அதன்பிறகு கிரைண்டரில் கெட்டியாக ஆட்ட வேண்டும். மெக்சிகோக்காரர்கள் இதற்கென்று வைத்திருக்கும் சுண்ணாம்பும் நாம் வெற்றிலையில் தடவுவதும் ஒன்றுதான். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வெற்றிலைக்கு விரல்நுனி அளவு போதும். எனக்கு வாரத்துக்கு ஒரு டப்பா வேண்டும்.

முக்குக் கடையில் நான்காவது டப்பா வாங்கினபோது கடைக்காரர் என்னிடம் சில்லறையை மட்டும் நீட்டினார். பால் வாங்கப் போன கமலாவிடம் சொல்லிவிட்டார். வெற்றிலையோ பாக்கோ வாங்காமல் வெறும் சுண்ணாம்பை மட்டும் ஒரு மனிதன் இப்படித் தின்றால் குடல் என்னத்துக்கு ஆகும் என்று கவலைப்பட்டிருக்கிறார். நான் சோளம் கழுவிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு இந்தச் சோளத்துக்குத்தான் என்று விளக்கத் தொடங்கினேன். கமலா பால் பாத்திரத்தைக் கூடக் கீழே வைக்காமல் எதிரே வந்து நின்றாள். "மொதல்ல வாயத் தொறங்க. பல்லப் பாக்கட்டு."

மீன் மட்டும் இல்லை

என் வியாபார மூளை மொத்தமும் வெள்ளிக்கிழமையில்தான் இருந்தது. எங்களுக்கு வடக்கே வயல்காட்டு ஊர்களில் வெள்ளியன்று கவிச்சி கிடையாது. தெற்கே கடற்கரையில் கிறிஸ்தவர்கள்; ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிகளில் இறைச்சி கிடையாது. இரண்டு பக்கத்தாரும் ஒரே நாளில் விரதமாக இருக்க, நடுவில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பு பீன்ஸுக்குப் பதில் நம் பெரும்பயறு. கூடவே வேகவைத்து மசித்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. குழம்புக்கு வத்தல் மிளகாய், தக்காளி, பூண்டு, சீரகம். ஓவன் அடுப்பு வாங்க வழியில்லாததால் வெண்கல உருளியில் அடுக்கி, மூடி போட்டு, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனல் அள்ளிப் போட்டேன். கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுகிறார்களே, அதேதான்.

ரொட்டி தட்டவும் சுருட்டவும் பிலோமினாக்கா வந்தாள். கடற்கரைக்காரி. விடியற்காலையில் மீன் வாங்கி ஊருக்குள் விற்றுவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடுவாள். அவள் சுருட்டுகிற வேகத்துக்கு தோஹாவில் மூன்று பேர் வேண்டும். முதல் வெள்ளி முதல் தட்டை அவள் கையில்தான் கொடுத்தேன். நிதானமாகத் தின்றாள். விரலை நக்கினாள். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தாள். "எல்லாம் கொள்ளாம் மக்கா," என்று பாராட்டினாள். "மீன் மட்டுந்தான் இல்ல."

தேடல்

சீஸ் விலையைப் பற்றி என் இனத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் எலுமிச்சை பிழிந்து பாலைத் திரியவைத்து, வடிகட்டி, உப்புப் போட்டு உள்ளே வைத்தேன். கடையில் வாங்கிய சீஸை மேலே மட்டும், திருநீறு பூசுகிற அளவில் துருவினேன். வாங்கினவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என்னென்ன சேர்த்திருக்கிறேன் என்று வாட்ஸப்பில் நான் அனுப்பிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். முட்கரண்டியால் மெதுவாக ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் போனை என் பக்கம் திருப்பிக் காட்டிக் கேட்டார்: "சீஸ்னு போட்டிருக்கியல்லா, அது எந்த எடத்துல?"

ருசி பார்க்காத ஒரு நாள்

நான்கு வெள்ளி போனது. தெரிந்தவர்கள் வாங்கினார்கள், தெரியாதவர்கள் ஒருமுறை வாங்கினார்கள். பெட்டி அலமாரி மேல் அப்படியே இருந்தது. ஐந்தாம் வெள்ளிக்கு என் பழைய வாத்தியாரிடமிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கீரிப்பாறை எஸ்டேட்டில் அப்பாவுக்கு வேலை இருந்தவரை நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆறாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்தபோது எனக்குத் தமிழ் எழுத்தைக் கையில் பிரம்போடு எழுதப் பழக்கினவர் பரமசிவம் வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு வெள்ளிதோறும் அவர் வீட்டில் தேவாரம் பாடுகிறார்கள். இருபது பேர். எல்லாரும் பிறந்ததிலிருந்து சைவம். பாடி முடித்தபின் வழக்கமான சுண்டலுக்குப் பதிலாக என் எஞ்சிலாடா. பிடித்துப்போனால் வாராவாரம். அதற்குமேல் எனக்கு தோஹா வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: சாமிக்குப் படைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள், அதனால் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது.

பார்க்கவில்லை. மூன்று பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடற்கரை ஆர்டருக்காக அதே குழம்பை எடுத்து நாக்கில் வைத்தேன். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு குழம்பு நான் வைத்ததில்லை. சந்தோஷம் தொண்டைக்குள் இறங்குவதற்குள் சந்தேகம் மேலே ஏறியது. பிலோமினாக்காவைப் பார்த்தேன். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். போன வாரங்களில் குழம்பு சப்பென்று இருந்ததாம்; என் தொழில் நிற்க வேண்டுமே என்று அவளே வீட்டிலிருந்து பொடி கொண்டுவந்து போட்டிருக்கிறாள். காய்ந்த கூனி இறாலை வறுத்துப் பொடித்த பொடி. அக்கா, இன்றைக்கு விரதமல்லவா என்று நான் தலையில் கை வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஊரில் விரதமென்றால் இறைச்சிதான் விலக்கு. மீன் விரதச் சாப்பாடு. அந்தப் பொடி இல்லாமல் எந்த வீட்டிலும் தவக்காலத்து வெள்ளி கழியாது.

ஸ்கூட்டரில் நான் போன வேகத்தை எழுதினால் போலீஸ் வரும். வாத்தியார் வீட்டில் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்கு முன்னால் என் மூன்று பாத்திரம். மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. இருபது பேரும் கண்ணை மூடிப் பாட, நான் ஓசைப்படாமல் போய் மூன்று பாத்திரத்தையும் மூடினேன். பாட்டு நின்றது. ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஓடவில்லை. எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். என் கைகளை நானே அறியாமல் பிரம்படிக்கு நீட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஒரு பாத்திரத்தின் மூடியைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "பாடும்போதே எனக்குச் சந்தேகம்டே. நம்ம சாப்பாட்டுல இவ்வளவு வாசன வராதே."

இன்னொரு குழம்பு

பாத்திரங்களை வாசலில் வைத்துவிட்டு, இருபது பேருக்கு என்ன சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது அதே ஆட்டோ திரும்பி வந்தது. கமலா இறங்கினாள். பிலோமினாக்கா சொன்னதைக் கேட்டதும் அவள் என்னைப் போல ஓடவில்லை, அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். மிச்சமிருந்த ரொட்டியையும் பயறையும் தானே சுருட்டி வேறு உருளியில் அடுக்கி, மேலே ஊற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே குழம்பைச் செய்திருக்கிறாள். தேங்காயும் மல்லியும் வத்தலும் கறுக்க வறுத்து அரைத்து, சின்ன வெங்காயமும் புளியும் சேர்த்த தீயல். சீஸைத் தொடவே இல்லை. மெக்சிகோவில் பார்த்தால் வழக்குப் போடுவார்கள்.

படைத்தார்கள், பரிமாறினார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன். இருபது பேரும் தலை நிமிரவில்லை. வாத்தியார் இரண்டாம் முறை வாங்கினார், மூன்றாம் முறையும் வாங்கினார். கை கழுவிவிட்டு வந்து, வாராவாரம் வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அவர் என்னைத் தாண்டிக் கமலாவைப் பார்த்துக் கேட்டார்: "அந்தச் சுருட்டு இல்லாமலும் கொழம்பு மட்டும் கெடைக்குமாம்மா?"

பெட்டி இறங்கியது

அடுத்த வெள்ளியிலிருந்து இரண்டு குழம்பு, இரண்டு அடுப்பு, இரண்டு கரண்டி. கடற்கரைக்குப் போவது பிலோமினாக்காவின் பொடிக் குழம்பு; அதை அவள் தன் வீட்டிலேயே வைக்கிறாள், எங்கள் வாசல்படி தாண்டாது. வயல் பக்கம் போவது கமலாவின் தீயல். தோஹாவிலிருந்து நான் கொண்டுவந்த குழம்பை யாரும் கேட்பதில்லை. நான் சோளம் கழுவுகிறேன், சிரட்டை எரிக்கிறேன், ஆட்டோவுக்குப் போன் பண்ணுகிறேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளியன்று வியாபாரம் கிடையாது. மறுநாள் சனி, மேனேஜருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள்.

அந்தச் சனி சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கவா போகவா என்று கமலாவிடமே கேட்டுவிடுவது என்று அறைக்குள் போனேன். அலமாரி மேல் பெட்டி இல்லை. கட்டிலில் திறந்து கிடந்தது. பக்கத்தில் என் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. சரி, அவளே முடிவு பண்ணிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கமலா முதுகை வளைத்து ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் சோளத்தைக் கொட்டினாள். கையால் பரப்பினாள். மூடியை அமுக்கி, பூட்டு சரியாக விழுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். நான் வாய் திறக்குமுன் சொன்னாள்: "எலி வந்து பாதியத் திங்குது. நல்ல கெட்டிப் பெட்டிய மேல சும்மா போட்டு வச்சிருக்கிய."

ஆக, என் துன்பம் அறிந்தவர்களே, பாஸ்போர்ட் இப்போதும் அந்தப் பெட்டியின் அடிப் பையில் பத்திரமாகத்தான் இருக்கிறது, எடுக்க வேண்டுமென்றால் இருபத்தைந்து கிலோ சோளத்தைக் கட்டிலில் கொட்டியாக வேண்டும், அவ்வளவுதான்.