சொன்னதைச் சொன்னவர்

என் அப்பா ஃப்ளோரியன் ருட்ஸிக் அமெரிக்கக் கால்பந்தைச் சம்பளத்துக்கு ஆடியவர். பந்தை எறிபவனைக் காக்க முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். அதில் வலப்பக்கத்து ஓர் இடம் அவருக்கு. முழுதாக அல்ல, பாதி. மறுபாதி கிளீட் ஹாப்டே என்பவருக்கு. பந்து ஒவ்வொரு முறையும் நகர்ந்து நின்றதும் ஆள் மாறும்.

இது பயிற்சியாளர் ஆர்வில் ஸ்டாட்லரின் ஏற்பாடு. தலைக்கவசத்துக்குள் ரேடியோ வராத காலம். வெளியே நிற்பவன் காதில் அடுத்த திட்டத்தைச் சொல்லி அனுப்புவார். அவன் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கும் முன்பே குனிந்து மோத வேண்டும். வெளியேறுபவன் வந்து ஸ்டாட்லரின் தோளருகே நிற்பான்.

முன்வரிசை என்பது ஐந்து பேர் ஓர் உடலாக அசைவது. அதில் ஒருவரை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தால் மற்ற நால்வருக்கும் பிடிமானம் போய்விடும். நான் பாலங்களின் பற்றவைப்பைச் சோதிப்பவள். வண்டிகள் ஓடும்போதே பாலத்தின் போல்ட்டைக் கழற்றி மாட்டுகிறவனை எங்கள் தொழிலில் அண்டவிடமாட்டோம். எங்கள் ஊரில் அவனுக்கு மேதை என்று பெயர்.

ஒரு டிசம்பர் மாத அரையிறுதி. எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஸ்டாட்லர், பந்தை வலப்பக்கம் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினார். எதிரணி அங்கேதான் குவிந்து நின்றது. அப்பா சொன்னதைச் சொன்னார். சொன்னபடி மோதினார். பந்து பறிபோனது, ஆட்டமும் போனது.

"நான் இடதுபக்கம்னுதான் சொல்லி அனுப்பினேன். பையன் வழியில தொலைச்சுட்டான்," என்றார் ஸ்டாட்லர் பத்திரிகைக்காரர்களிடம்.

அடுத்த பருவத்தில் கிளீட்டுக்கு முழு இடம் கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. ஊர் அவரை விடவில்லை.

"டேய் ஃப்ளோ, நாலு பியர் சொல்லிட்டு வாடா. போற வழியில பாலா மாறிடப் போகுது!"

அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அதை நான் மெச்சவில்லை. வீட்டில் என்னிடம் மட்டும், "நான் சரியாத்தாம்மா சொன்னேன்," என்பார். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார். அவ்வளவு பெரிய தோள் கடைசியில் என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றித்தொடை ஹாமும், உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையும், செர்ரிப்பழம் அடைத்துச் சுட்ட பையும். ஸ்டாட்லர் தடியூன்றி வந்திருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்திருந்தார், முக்கியமாக ஹாமுக்கு. நான் கிளீட்டைக் காபிப் பாத்திரத்தருகே பிடித்தேன்.

"மாமா, அன்னைக்கு அவர் பக்கத்துல வந்து நின்னது நீங்கதானே? என்ன சொன்னாரு?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"நாளைக்குப் பேப்பர்ல அப்பாவைத் தொலைச்சவன்னுதான் போடுவாங்க. அதுக்குத்தான்."

கிளீட் கோப்பைக்குள் பார்த்தார். "'ஐயோ, வலதுன்னு சொல்லிட்டேனே'ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள உங்கப்பா உள்ள போயிட்டான்."

"இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே?"

"எனக்கு முழு இடம் குடுத்தாரேம்மா."

அதை ஒரு நியாயம்போலச் சொன்னார்.

"வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சொன்னார். முழுதாகச் சொன்னார். கரண்டிகள் நின்றன. எல்லோரும் ஸ்டாட்லரைப் பார்த்தார்கள். அவர் மென்று விழுங்கினார்.

"அப்படியா சொன்னேன்? இருக்கும்டா. அன்னைக்கு எனக்குச் சரியான ஜலதோஷம்." கூட்டம் மெல்லச் சிரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஃப்ளோ தங்கமான பையன். எதைக் குடுத்தாலும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பான். அதான் அவன்கிட்ட கோளாறே. கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்ல?"

இப்போது வாய்விட்டுச் சிரித்தார்கள். பத்திரிகைக்காரர் அதைத்தான் குறித்துக்கொண்டார்.

நான் ஸ்டாட்லரின் மடியிலிருந்த தட்டை எடுத்தேன்.

"இன்னும் சாப்பிட்டு முடிக்கலையேம்மா."

"எழுந்திருங்க," என்று அவருடைய கோட்டை நீட்டினேன்.

கிளீட் ஓடிவந்து, கோட்டை என்னிடமிருந்து வாங்கி, அவருடைய கையைச் சின்னக் குழந்தைக்குப்போல உள்ளே நுழைத்துவிட்டார்.